பூசாத சுவரின் நிழலில் வைத்த செடிகள்

எங்கள் வீட்டுக்குக் கிழக்கே ஒரு சந்து இருக்கிறது. வாசலில் தொடங்கிப் பின்பக்கக் கிணறு வரைக்கும் போகும். ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்தால் இந்தப் பக்கம் எங்கள் வீட்டுச் சுவரும் அந்தப் பக்கம் என் கொழுந்தனார் வீட்டுச் சுவரும் விரலில் தட்டும். சூரியன் அதற்குள் எட்டிப் பார்ப்பது உச்சிப் பொழுதில் மட்டும்தான். அதுவும் ஒரு கீற்று விழுந்து, நான் அரிசி களைந்து உலை வைப்பதற்குள் போய்விடும்.

முன்பு அது சந்தாக இல்லை. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே தோட்டமாக இருந்தது. சொல்லப்போனால் அப்போது வீடே ஒன்றுதான். நானும் என் ஓரகத்தியும், அதாவது கொழுந்தனாரின் மனைவியும், அங்கே கனகாம்பரம், சாமந்தி, டிசம்பர் பூ எல்லாம் வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூப்பறித்து இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து கட்டுவோம். அவள் நார் பிடிக்கிற வேகத்துக்கு என்னால் ஈடு கொடுக்க முடியாது. "அக்கா, நீ கட்றதுக்குள்ள அம்மன் தூங்கப் போயிடுவா" என்பாள். அந்தச் சரம்தான் எங்கள் தெருக்கோடி அம்மனுக்குப் போகும். கடைப் பூ வாங்கிச் சாத்தியதாக எனக்கு ஞாபகமே இல்லை.

மாமனார் காலமான பிறகு அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை வந்தது. எல்லா வீட்டிலும் நடப்பதுதான். எங்கள் வீட்டில் கொஞ்சம் கூடுதலாகச் சத்தம் போட்டு நடந்தது. கொழுந்தனார் தன் பங்கில் மாடி வீடு எழுப்பினார். எல்லைக்கல்லை ஒட்டியே சுவர். எங்கள் பூச்செடிகளுக்கு வெயில் போயிற்று. சாமந்தி மொட்டு விடாமல் நீண்டு நீண்டு சாய்ந்தது. கனகாம்பரம் ஒன்றிரண்டு பூத்துவிட்டு நின்றுவிட்டது.

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். எல்லையை ஒட்டிச் சுவர் எழுப்பினால் அதன் வெளிப்பக்கத்தைப் பூசுவதற்குப் பக்கத்து இடத்துக்குள் நின்றுதான் ஆக வேண்டும். சாரம் கட்ட வேண்டும், கலவை கொட்ட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் விட்டால்தான் உண்டு. விடாவிட்டால் அந்தப் பக்கம் செங்கல் செங்கலாகவே நிற்கும். ஊர்ப்பக்கம் போய்ப் பாருங்கள், எத்தனையோ வீடு முன்பக்கம் பளபளவென்று பெயின்ட் அடித்து, பக்கவாட்டில் மட்டும் பூசாமல் நிற்கும். அங்கெல்லாம் ஒரு சண்டை இருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் வீட்டுக்காரர் விடவில்லை. விடவில்லை என்பதோடு நிற்காமல், வார்த்தை முற்றிய ஒருநாள் அம்மன் கோயில் வாசலில் கற்பூரம் கொளுத்தி, அதைக் கையால் தட்டி அணைத்து, "இனிமே நானோ எம் பொண்டாட்டியோ அவன் வாசப்படி மிதிச்சா இந்த அம்மா பார்த்துக்குவா" என்று சத்தியம் செய்துவிட்டு வந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் சத்தியத்தில் என்னையும் சேர்த்துவிட்டார். மனுஷரிடம் சொன்ன வார்த்தை என்றால் நான் மீறியிருப்பேன். கற்பூரத்தை அணைத்துச் சொன்னதை எப்படி மீறுவது? அன்று முதல் அவள் வாசற்படியை நான் மிதிக்கவில்லை.

கோயிலில் பார்ப்பேன். கும்பிட்டுவிட்டுத் தலையைக் குனிந்தபடி போய்விடுவாள். அவளை நான் குற்றம் சொல்ல மாட்டேன். பூச்சுக்கு இடம் கொடுக்காதது எங்கள் வீடுதானே. அதில் எனக்குச் சம்மதம் என்றுதான் அவள் நினைத்திருப்பாள்.

சந்து வெறுமையாகக் கிடப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. காஞ்சிபுரம் போகிற ரோட்டில் ஒரு நர்சரி இருக்கிறது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்ப்பேன். ஒருநாள் இறங்கிப் போனேன். நர்சரி நடத்துகிறவள் என் வயசுக்காரிதான். வாய் ஜாஸ்தி. நான் யாரிடமும் ஒன்றும் கேட்காமல், மஞ்சளும் சிவப்பும் ஆரஞ்சுமாக ஜொலித்த குரோட்டன்ஸைப் பார்த்து மயங்கி நான்கைந்து தொட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சந்தில் வைத்ததும் சாமி ஊர்வலம் வந்தது போல இருந்தது. இரண்டு மாதம் போகவில்லை, புதிதாக வந்த இலையெல்லாம் பச்சையாகவே வந்தது. பழைய கலர் இலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கடைசியில் ஏதோ மாஞ்செடி போல நின்றது.

திரும்பப் போய், "இன்னாம்மா, சாயம் போற செடியக் குடுத்துட்ட?" என்று கேட்டேன்.

"எங்க வச்ச?"

"சந்துல. வெயில் வராது."

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "அதை மொதல்ல சொன்னியா நீ? கலரைப் பார்த்ததும் பொண்ணு பார்க்க வந்தவ மாதிரி தூக்கிக்கினு போய்ட்ட. குரோட்டன்ஸுக்கு வெயிலு வேணும்க்கா. வெயிலு இல்லன்னா அது வெறும் பச்ச."

நிழலுக்கு என்ன வைப்பது என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்து கேட்டேன். கோலியஸ் என்று ஒன்று காட்டினாள். இலை துளசி இலை மாதிரி ஓரம் வெட்டுப்பட்டு, பட்டுப்புடவைக் கரை போல ஒன்றுக்குள் ஒன்றாகக் கலர் வைத்திருந்தது. கலாடியம் என்று இன்னொன்று. சேம்பு இலை போலத்தான் இருக்கும், ஆனால் காகிதம் போல மெல்லிசு. நான் அரக்குக் கலர் கோலியஸாகப் பொறுக்கினேன். எனக்கு அரக்குப் புடவை பிடிக்கும், அதனால்.

"அக்கா, உன் சந்துல எதிர்ச் சுவரு இன்னா கலரு?" என்றாள்.

"பூசாத செங்கல்லு."

"அப்ப அரக்கு வேணாம். இருட்டுல இருட்டக் கொண்டு போய் வைக்கிற நீ. வெளுப்பா கீறத எடு. எலுமிச்சப் பழக் கலரு, வெள்ள, லேசு ரோஸு. நெழல்ல அதுங்கதான் கண்ணுக்குத் தெரியும்."

நான் கேட்கவில்லை. அரக்கையும் எடுத்தேன், அவள் சொன்னதையும் எடுத்தேன். சந்தில் வைத்துப் பார்த்தபோது அவள் சொன்னதுதான் சரி. அரக்குச் செடி இருக்குமிடம் தெரியவில்லை. எலுமிச்சைக் கலர் கோலியஸும், பச்சை நரம்பு ஓடிய வெள்ளைக் கலாடியமும் விளக்கு வைத்த மாதிரி தெரிந்தன.

அதன்பிறகும் தப்பு செய்தேன். காலையில் சுவாமி படத்துக்கு முன் வைக்கும் சொம்புத் தண்ணீர், விளக்குக் கழுவிய தண்ணீர், வெள்ளிக்கிழமை அபிஷேகப் பால், எல்லாவற்றையும் புண்ணியம் என்று அந்தத் தொட்டிகளில்தான் ஊற்றினேன். நிழலில் மண் காயாது என்று எனக்குத் தோன்றவில்லை. பாலுக்கு எறும்பு வந்தது. வேர் அழுகி ஒரு கலாடியம் அப்படியே சாய்ந்தது. நர்சரிக்காரி, "சாமித் தண்ணிய தென்னமரத்துக்கு ஊத்துக்கா, அது தாங்கும். இதுங்களுக்கு மண்ண விரலால குத்திப் பாத்து, காஞ்சிருந்தா மட்டும் ஊத்து" என்றாள். மார்கழிக் குளிரில் மிச்சக் கலாடியங்களும் இலையை மடக்கிக்கொண்டு படுத்தபோது அழுகையே வந்துவிட்டது. அது தூங்குகிறதாம். தண்ணீரை நிறுத்திக் கிழங்கை அப்படியே விட்டுவிட்டால் சித்திரை வெப்பத்தில் முளைக்குமாம். முளைக்கவும் செய்தது.

அவள் சொன்னதில் ஒன்று மட்டும் எனக்குக் கை வரவில்லை. கோலியஸ் நுனியில் கதிர் போலச் சின்னதாக ஊதாப் பூ வரும். அதைக் கிள்ளிவிட வேண்டும், விட்டால் செடி பூவுக்கே சத்தையெல்லாம் கொடுத்து இலை சிறுத்துவிடும். இத்தனை காலம் ஒரு மொட்டுக்காகக் காத்துக் கிடந்தவள் நான், பூவைக் கிள்ளி எறிவதா? கிள்ளினேன். எறியவில்லை. வாசனை இல்லாத பூதான், ஆனாலும் விளக்கின் காலடியில் கொண்டுபோய் வைத்தேன். என் தோட்டத்துப் பூ என்று அம்மனுக்குக் கொடுக்க அதைவிட்டால் என்னிடம் வேறு இல்லை.

நான் எதற்காகத் தினமும் அந்தச் சந்தில் அவ்வளவு நேரம் நின்றேன் என்பதை இப்போது சொல்கிறேன். செடிக்காக மட்டும் இல்லை.

பூசாத சுவர் சத்தத்தை விட்டுவிடும். செங்கல்லுக்கு நடுவே அங்கங்கே கலவை சரியாக அடையாமல் சின்னச் சின்ன ஓட்டை. அந்தப் பக்கம் அவளுடைய சமையலறையும் பூஜை மாடமும் இருந்தன. செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது மிக்ஸி ஓடுவது கேட்கும், குக்கர் விசில் கேட்கும். "பாலு பொங்குது பாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது கேட்கும். அந்தப் பழக்கம் அவளுக்கு எப்போதும் உண்டு. விடிகிற நேரம் அவள் பூஜை மணி அடிக்கும்போது நான் உள்ளே ஓடிப்போய் என் விளக்கையும் ஏற்றுவேன். இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் தீபாராதனை ஆகிக்கொண்டிருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். அவளோடு சேர்ந்து கும்பிட்டேன் என்று ஒரு திருப்தி.

சென்ற ஐப்பசி மழைக்குப் பிறகு மணிச் சத்தத்தோடு இருமலும் கேட்கத் தொடங்கியது. முதலில் சளி என்று நினைத்தேன். கார்த்திகையிலும் நிற்கவில்லை. இருமி இருமி முடிவில் மூச்சை இழுக்கிற சத்தம், விசில் போல. ரேஷன் கடை வரிசையில் ஒரு பெண்மணி சொன்னாள்: "உன் ஓரகத்தி வூட்ல ஒரு பக்கச் சுவரு பூரா ஓதம் ஊறிக்கினு கீது. பெயின்டெல்லாம் உப்பிக்கினு உரிஞ்சி வருது. அந்த ஈரத்துல நின்னு நின்னு அவளுக்கு இழுப்பு வந்துடுச்சாம். டாக்டரு வாயில வச்சி இழுக்குற பம்பு குடுத்துக்கிறாரு."

வீட்டுக்கு வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தேன். மழை விட்டு வாரமாகியும் செங்கல் ஈரமாகத்தான் இருந்தது. பாசி பிடித்திருந்தது. என் செடிகளுக்கு இதமான ஈரம். அதே ஈரம் அந்தப் பக்கம் அவள் நெஞ்சுக்குள் போய்க்கொண்டிருந்தது.

வீட்டுக்காரரிடம் நேராகப் பேசிப் பார்த்தேன். "அவளுக்கு ஒடம்பு சரியில்லையாம். பூசிட்டுப் போவட்டுமே." அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். அதற்குமேல் பேசினால் ஒரு வாரம் வீட்டில் பேஜார்தான்.

தை மாதம் நர்சரிக்குப் போனபோது, நிழலில் கோலியஸ் கலர் மங்கலாக வருகிறதே என்று கேட்டேன். "எதிர்ச் சுவத்தப் பூசி வெள்ள அடிச்சிடு. மேல கீற வெளிச்சத்த அது எறக்கிக் குடுக்கும். செடிக்கு அது பாதி வெயிலு" என்றாள். பஸ் இறங்கி வீடு சேரும் வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த அம்மன்தான் அவள் வாய் வழியாகச் சொன்னாள் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

எங்கள் வீட்டுக்காரருக்கு அந்தச் சந்து பிடிக்கும். முதலில் "பூக்காத செடிக்கு இன்னாத்துக்கு இத்தனி சேவகம்?" என்று கேலி செய்தவர்தான். பிறகு கழனியிலிருந்து வந்ததும் காபி டம்ளரோடு அங்கேதான் போய் நிற்பார். வெயிலில் நின்ற கண்ணுக்கு அந்த வெள்ளை இலைகள் குளிர்ச்சியாக இருக்கின்றன என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் காபி குடிக்கும்போது போய்ச் சொன்னேன்.

"இன்னாங்க, இந்தச் செடிக்கு வெளிச்சம் பத்தலயாம். எதிர்ச் சுவத்தப் பூசி வெள்ள அடிச்சா கலரு நல்லா வருமாம்."

"அது நம்ம சுவரா?"

"செடி நம்மளுதாச்சே."

அவர் சுவரைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. அப்போது பார்த்து அந்தப் பக்கம் இருமல் எழுந்தது. ரொம்ப நேரம் அந்த இருமல் ஓயவில்லை. அவர் காபி ஆறும் வரைக்கும் அப்படியே நின்றார். "செடிக்காகத்தான்" என்றார். "அவனுக்காக ஒண்ணும் இல்ல."

மாசி முடிந்து வெயில் ஏறியதும் மேஸ்திரியை வரச்சொன்னார். இரண்டு வீட்டுக்கும் வேலை செய்கிற மேஸ்திரி அவர். எங்கள் கேட்டில் இவர், அவர்கள் கேட்டில் கொழுந்தனார், நடுத்தெருவில் மேஸ்திரி.

"மேஸ்திரி, சந்துக்குள்ள வந்து பூசிக்கலாம்னு சொல்லு. எங்க செடிக்கு வெளிச்சம் வேணும், அதுக்காகன்னு சொல்லு."

மேஸ்திரி திரும்பினார். அவர் வாயைத் திறப்பதற்குள் கொழுந்தனார், "மேஸ்திரி, எங்க சுவத்த எப்ப பூசறதுன்னு எங்களுக்குத் தெரியும்னு சொல்லு" என்றார்.

"இவ்ளோ நாளா தெரிஞ்ச லட்சணத்த மழையில பாத்தோம்னு சொல்லு."

"யாரால பூச முடியலன்னு கேளு மேஸ்திரி!"

மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "யோவ், ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான கீது? நடுவுல நான் இன்னா மைக் செட்டா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கொழுந்தனார் வீட்டுத் தெருப்பக்க ஜன்னலுக்குப் பின்னாலும் யாரோ சிரித்தது போல இருந்தது. சிரிப்பு இருமலாக முடிந்தது. அதைக் கேட்டதும் இரண்டு ஆண்களும் கொஞ்சம் அடங்கினார்கள்.

"செடி மேல கலவ வுழுந்தா அப்பறம் எங்களக் கேக்கக் கூடாதுன்னு சொல்லு" என்றார் கொழுந்தனார்.

"செடிய நாங்க எடுத்து வச்சிக்கிறோம்னு சொல்லு."

"சரி, நாளைக்கு சாரம் கட்றேன்" என்றார் மேஸ்திரி, யாருக்கு என்று சொல்லாமல்.

வேலை நடந்த நாட்களில் மேஸ்திரிக்கு இரண்டு வீட்டிலிருந்தும் டீ வந்தது. என் டீயைக் குடித்துவிட்டு, "இன்னாம்மா இது, அந்த வூட்டு டீயும் இதேதான், இந்த வூட்டு டீயும் இதேதான். ஒரே கையா?" என்றார். இஞ்சியைத் தோலோடு தட்டிப் போட எனக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள். அதை அவரிடம் சொல்லவில்லை. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு டம்ளரை வாங்கி உள்ளே வந்துவிட்டேன்.

தொட்டிகளையெல்லாம் கிணற்றடி வேப்பமரத்து நிழலுக்கு நானே நகர்த்தினேன். தரையில் நட்ட கோலியஸ்களை எடுக்க முடியாது. குச்சி குச்சியாகக் கிள்ளித் தண்ணீர்ச் சொம்பில் போட்டு வைத்தேன். கொஞ்ச நாளில் வெள்ளை வெள்ளையாக வேர் விட்டது. சாரத்துக்கடியில் மிதிபட்டுப் போன செடிகளுக்கு நான் வருத்தப்படவில்லை. மேலிருந்து கீழே சிமென்ட் பூச்சு இறங்க இறங்க, ஓட்டைகள் ஒவ்வொன்றாக அடைபட அடைபட, எனக்கு ஒரு பக்கம் நெஞ்சு நிறைந்தது, இன்னொரு பக்கம் ஏதோ நழுவுகிற மாதிரி இருந்தது. அது என்ன என்று அப்போது புரியவில்லை.

பூச்சு காய்ந்து, வெள்ளை அடித்து, சாரம் பிரித்து, நான் தொட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்து வைத்த அன்று காலைதான் புரிந்தது. விடிகிற நேரம் தண்ணீர்ச் சொம்போடு நிற்கிறேன். மணி கேட்கவில்லை. மிக்ஸி கேட்கவில்லை. பால் பொங்குவதை அவள் யாரிடம் சொன்னாளோ தெரியவில்லை. சுவர் வழவழவென்று இருந்தது. காதை வைத்துப் பார்த்தேன். சிமென்ட்டின் குளிர்ச்சி மட்டும்தான்.

இருமலும் கேட்கவில்லை. நின்றுவிட்டதா, இல்லை சுவர் மறைத்துவிட்டதா? யாரிடம் கேட்பது?

செடிகள் நன்றாக வந்தன. அப்படி ஒரு நிறத்தை நான் நினைத்துப் பார்க்கவில்லை. வெள்ளைச் சுவர் வெளிச்சத்தைக் கீழே இறக்க, எலுமிச்சைக் கலர் கோலியஸ் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி நின்றது. ரோஸ் கலாடியத்தின் நரம்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. முன்பு இருட்டில் கரைந்துபோன அரக்குச் செடிகூட வெள்ளைக்கு முன்னால் அம்மன் புடவை போல எடுப்பாக இருந்தது. தெருவில் போகிறவர்கள் கேட்டில் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். பார்க்க வேண்டியவள் பார்க்கவில்லை. சந்துப் பக்கம் அவள் வீட்டுக்கு ஜன்னல் இல்லை.

அதோடு எனக்கு இன்னொன்றும் உறைத்தது. பூச்சுக்கு இடம் கொடுத்தது செடிக்காக என்று இவர் தெருவில் நின்று சொல்லிவிட்டார். அதுதான் அவள் காதுக்கும் போயிருக்கும். ‘நான் மூச்சு முட்டி இருமியபோது வராதவள், இலைக்கு வெளிச்சம் பத்தவில்லை என்றதும் இடம் கொடுத்தாள்’ என்றுதானே அவள் நினைப்பாள்? சாக்கு சொல்லிக் காரியத்தை முடித்தேன். இப்போது அவள் மனசில் அந்தச் சாக்குதான் நிற்கும்.

தினமும் காலையில் அந்தச் சுவரில் காதை வைப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஒருநாள் இவர் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"சுவத்தாண்ட இன்னா பண்ற?"

"ஒண்ணுமில்ல, நத்தை ஏறுதான்னு பாக்குறேன்."

"நத்தை சத்தம் போடுதா?"

அவர் குனிந்து, ஒரு கலாடியத்தின் பழுத்த இலையைத் தண்டோடு மெதுவாக உருவினார். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருமல் நின்னுடுச்சாம்" என்றார். "பம்புகூட வேணாம்னுட்டாராம் டாக்டரு. மேஸ்திரிய வுட்டு விசாரிச்சேன்."

அம்மாவை நினைத்துக் கும்பிட்டேன். இத்தனை நாள் கல் என்று நினைத்தவர் எனக்குத் தெரியாமல் ஆள் விட்டு விசாரித்திருக்கிறார். அந்தத் தைரியத்தில் கேட்டேன்.

"கற்பூரத்த அணைச்சது நீங்க. நீங்களே போயி, அவசரத்துல பண்ணிட்டேன், மன்னிச்சிக்கோன்னு கேட்டா அந்த அம்மா ஏத்துக்க மாட்டாளா? பெத்தவதான?"

உருவிய இலையைத் தொட்டி மண்ணிலேயே போட்டுவிட்டு, "இதுக்கு மண்ணு காஞ்சி கீது, தண்ணி ஊத்து" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

விரலால் குத்திப் பார்த்தேன். மண் ஈரமாகத்தான் இருந்தது. அவர் முடியாது என்று சொல்லவில்லை என்பதை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது வைகாசி. ஆடி பிறந்தால் அம்மனுக்குக் கூழ் வார்ப்பார்கள். எல்லா வீட்டுப் பெண்களும் குடம் எடுத்துக்கொண்டு வருவார்கள். அவளும் வருவாள். கோயில் வாசலுக்கு எந்தச் சத்தியமும் இல்லை. இருமல் நின்றது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அவள் வாயால் கேட்க வேண்டும். "இப்ப எப்பிடிம்மா கீது ஒடம்பு?" என்று நான் கேட்டு, அவள் தலை நிமிர்ந்து, "நல்லா கீதுக்கா" என்று சொன்னால் போதும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாலும் நான் கேட்கத்தான் போகிறேன். எப்படிக் கேட்பது என்று தினமும் சந்தில் நின்று, அந்த இலைகளிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.